அணைக்காத சர்வர்

திரையில் ஒரு பெயர்: பொ. கார்குழலி.

பழைய சர்வரின் பதிவில் அந்தப் பெயர் தனியாக நின்றது.

கலந்தாய்வின் சர்வர்களைக் கவனிப்பவன் அவன். பதிவின் நேரத்தைப் பார்த்தான்.

கால்நடை மருத்துவக் கல்லூரியின் கடைசி இடம். 11.42க்கு இவளுக்கு. புதிய சர்வரில் அதே இடம், 11.45க்கு, வேறொரு பையனுக்கு.

காலையில் கலந்தாய்வுக் கூடத்தில் கணினிகள் திடீரென்று உறைந்தபோது, பழைய சர்வர் செத்துவிட்டது என்றுதான் நினைத்தான். மாற்று சர்வரை எழுப்பிவிட்டான். எழுப்புமுன் பழையதை அணைத்தாயா என்றால், இல்லை. அது இருப்பது இரண்டாவது மாடியில். கூடத்திலோ பெற்றோர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். செத்துப்போனதை எதற்கு மெனக்கெட்டு ஏறிப் போய் அணைப்பது?

சோம்பல். வேறென்ன.

இப்போது ஏறி வந்திருக்கிறான், எல்லாம் முடிந்த பிறகு.

அது சாகவில்லை. நடுவில் ஒரு இணைப்புதான் அறுந்திருந்தது. பின்வரிசைக் கணினி ஒன்று மட்டும் பழையதோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரே உறையில் இரண்டு கத்தி. ஒன்பது நிமிடம் இரண்டுமே இடம் ஒதுக்கியிருக்கின்றன.

அந்தக் கணினியில் உட்கார்ந்தவள்தான் கார்குழலி.

தரவரிசையில் முந்தியவள். நேரத்திலும் முந்தியவள். நியாயப்படி இடம் அவளுடையது.

போய்ச் சொல்லலாம். ஒதுக்கீட்டை நிறுத்திவைப்பார்கள். ஏன் அணைக்கவில்லை என்று கேட்பார்கள். ஒப்பந்த வேலை. சாயங்காலத்துக்குள் சீட்டுக் கிழியும். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

இன்னொரு வழியும் இருந்தது. பழைய சர்வரைத் துடைத்துவிட்டு, புதியதன் நகலை அதில் ஏற்றுவது. எப்படியும் செய்தாக வேண்டிய வேலைதான். துடைக்குமுன் பழைய பதிவைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் எடுத்துவைக்கவில்லை.

திரையில் பட்டை நகர்ந்து நகர்ந்து நூறைத் தொட்டது.

கார்குழலி இப்போது எந்தக் கணினியிலும் இல்லை. அவன் தலைக்குள் மட்டும் இருந்தாள்.

கீழே இறங்கினான்.

கலந்தாய்வு அதிகாரி திலகவதியின் மேசை முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"ஸ்க்ரீன்ல என் பேரு வந்துச்சு மேடம். கடைசி சீட்டு எனக்குன்னு போட்டுச்சு. பிரிண்ட் எடுக்கறதுக்குள்ள போயிடுச்சு."

திலகவதி அவனைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கதான பாத்துக்கிட்டிருந்தீங்க? கார்குழலின்னு எதுலயாச்சும் பதிவு இருக்கா?"

இல்லை. இப்போது எதிலும் இல்லை. அதென்னவோ நிஜம்தான்.

"இல்ல மேடம்."

அந்தப் பெண் அவனையே பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றான். சண்டை போடுவாள் என்று நினைத்தான். போடேன் தாயே, கத்தேன். நீ கத்தினால் என் வாயிலிருந்து உண்மை வந்தாலும் வந்துவிடும்.

அவள் கத்தவில்லை.

"அப்ப நான்தான் பதட்டத்துல தப்பாப் பாத்திருப்பேன்" என்றாள். "மன்னிச்சுக்குங்க சார். வேலையா இருந்தவங்களத் தொந்தரவு பண்ணிட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றான் அவன்.