இறங்கிய கை

நாற்காலி மெல்லச் சாய்கிறது. விளக்கு கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது. நாளெல்லாம் கீழே நிற்பவர்களின் கைச்சாடையை நம்பிப் பளு இறக்கும் கிரேன் ஓட்டுநருக்கு, அத்தனை உயரத்தில் வராத பயம் இங்கே வந்திருக்கிறது. "பல்லுல ஐஸ் வைக்கிறேன். வலிச்சா கையைத் தூக்குங்க, வலி போனதும் இறக்குங்க," என்கிறார் டாக்டரம்மா. "உடனே போயிட்டா பல்லை அடைச்சாப் போதும். நின்னு வலிச்சா உள்ளே நரம்பு வீங்கியிருக்குன்னு அர்த்தம், ஊசி போட்டு ரூட் கெனால் பண்ணணும்." தட்டில் ஊசி மினுங்குகிறது. ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டார். ஐஸ் பட்டதும் கை விருட்டென்று எழுகிறது. டாக்டரம்மா ஐஸை எடுத்துவிட்டு எண்ணுகிறார். ஒன்று, இரண்டு. கை இறங்கி மடியில் படுத்துக்கொள்கிறது. "போயிடுச்சா?" "ம்ம்." டாக்டரம்மா பல்லை அடைக்கும் பசையை எடுக்கத் திரும்புகிறார். மூன்று ராத்திரியாகப் பல்வலியில் அவர் தூங்காததால் தானும் தூங்காத மனைவி கால்மாட்டில் நிற்கிறாள்; அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. "டாக்டர், அவர் கால் விரலைப் பாருங்க," என்கிறாள் மெதுவாக. பத்து விரல்களும் உள்ளங்காலை நோக்கிச் சுருண்டு, வெளுத்து, இன்னும் விரியாமல் இருக்கின்றன. மடியில் கிடந்த கை மறுபடியும் மேலே எழுகிறது.