ஒத்துப்போன கணக்கு

“வாம்மா கெட்டிக்காரி! உன்னாலதான் இன்னிக்கு விமானமே கிளம்புது” என்றார் பிரிவுத் தலைவர். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மணி எட்டே கால். ஒன்பதுக்குச் சோதனை விமானம் ஏறும். இன்று எழுநூறு கிலோமீட்டர் வேகம் வரை போய்ப் பார்ப்பார்கள்.

ஒரு வேகத்தைத் தாண்டினால் காற்றே இறக்கையைப் பிடித்து உலுக்கும். சில நொடிகளில் இறக்கை பிய்ந்துவிடும். அது எந்த வேகம் என்று கண்டுபிடிக்க இரண்டு கணக்குகள் உண்டு. இறக்கையைச் சுற்றியுள்ள காற்றை அங்குலம் அங்குலமாக அலசும் பெரிய கணக்கு தலைவருடையது; கம்ப்யூட்டரில் இரண்டு மாதம் ஓடும். இறக்கையின் முக்கியமான அசைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அரை மணியில் விடை சொல்லும் சுருக்கக் கணக்கு அவளுடையது. இரண்டும் ஒத்துப்போனால்தான் பறக்க அனுமதி.

இந்த முறை பெரிய கணக்கின் விடை மூன்றே வாரத்தில் வந்தது: எண்ணூற்றுப் பத்து. மனுஷர் சூரர்தான் என்று ஆபீஸே மெச்சிக்கொண்டது.

“சார்... என் கணக்குல எண்ணூத்திப் பத்து வரலை. அறுநூத்தி அறுபதுதான் வந்துச்சு.”

“என்னம்மா சொல்ற? ரிப்போர்ட்ல அப்படி இல்லையே!”

“ஏழு அசைவு எடுத்திருந்தேன் சார். ஏழாவதைத் தூக்கிட்டா உங்க விடைகிட்ட வந்துடுது. சின்ன அசைவு, தேவையில்லைன்னு எழுதிட்டேன். உங்களுது தப்பாகாது, என்னுதுதான் எங்கேயோ உதைக்குதுன்னு நினைச்சேன். வெளிய சொன்னா சிரிப்பாங்களேன்னு வெட்கம். காலைல பைலட் வந்து, ‘அக்கா, உங்க கணக்கை நம்பித்தான் ஏறுறேன்’னாரு. அவர் முகத்தைப் பார்க்க முடியலை சார்.”

கன்னாபின்னாவென்று திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ போனைத் தாவி எடுத்தார்.

“விமானத்தை நிறுத்துங்க! இன்னிக்குப் பறக்க வேண்டாம். காரணம் அப்புறம் சொல்றேன், முதல்ல அவரை இறக்குங்க.”

பைலட் இறங்கிவிட்டார் என்று பதில் வரும்வரை அவர் போனை வைக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

“மன்னிச்சிடுங்க சார். நீங்க ராப்பகலா உழைச்சுப் போட்ட கணக்கு. என்னால உங்க பேரும் சேர்ந்து கெட்டுச்சு. உங்க முன்னாடி நிக்கவே நான் லாயக்கில்லை.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

“பெரிய கணக்கு இன்னும் பாதிகூட ஓடலைம்மா” என்றார், மேசையைப் பார்த்து.

“சார்?”

“எண்ணூத்திப் பத்து நான் குத்துமதிப்பா போட்டது. உன்னுது ஒத்துப்போகவும், சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்.”