கடைசியாகப் போகிற பிள்ளை

"இன்னைக்கும் உங்கப்பா லேட்டா?"

கோச் கேட்டதும் நெட்டை தலையைக் குனிந்துகொண்டாள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நின்றாள். வயதுக்கு மீறிய உயரம், அதனால் அணியில் அவளுக்கு அந்தப் பெயர்.

மற்ற பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். பாஸ்கெட்பால் மைதானத்தில் மிச்சம் இருந்தது கோச், நெட்டை, அப்புறம் கோச்சின் மகள் வாண்டு. வாண்டுக்கு அணியில் சேர இன்னும் வயதாகவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மாவோடு வந்து, பயிற்சி முடிகிறவரை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

பைக்குள் போன் உறுமியது. பத்திரிகை ஆசிரியராகத்தான் இருக்கும்.

கோச்சுக்கு இன்னொரு பிழைப்பு எழுத்து. பத்திரிகைகள் கேட்பதை எழுதிக் கொடுப்பாள். "எழுதறீங்க, கோச்சிங் போறீங்க, குழந்தையையும் பார்த்துக்கறீங்க, மரத்துல வேற ஏதோ செதுக்கறீங்களாமே. எல்லாத்தையும் எப்படி சமாளிக்கறீங்க? அதையே எழுதுங்க மேடம்" என்று ஆசிரியர் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய கட்டுரை பாதியில் நிற்கிறது. செதுக்க ஆரம்பித்த ஒட்டகச்சிவிங்கியும் மூன்று காலோடு அலமாரியில் சாய்ந்து கிடக்கிறது.

இந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து நாலு வரி எழுதலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கிளப்பில் கறாரான விதி. கடைசிப் பிள்ளையை வீட்டு ஆள் கையில் ஒப்படைக்கும்வரை கோச் போனையோ லேப்டாப்பையோ தொடக்கூடாது. கண் பிள்ளை மேலேயே இருக்க வேண்டும்.

நெட்டையின் அப்பா பல் டாக்டர். கொஞ்ச நாளாகவே இதே கதைதான். ஊரெல்லாம் வந்து போன பிறகு ஆடி அசைந்து வருவார். "ஸாரி மேடம்" என்று ஒரு அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்.

'அடுத்தவங்க பல்லைப் பிடுங்க நேரமிருக்கு, பெத்த பொண்ணைக் கூட்டிட்டுப் போக நேரமில்லை' என்று கோச் மனதுக்குள் பொரிந்தாள்.

"அம்மா, சும்மாதானே நிக்கற? விளையாடலாம் வா."

வாண்டு அதற்குள் ஷூ லேஸை இறுக்கிக் கட்டியிருந்தாள். வேறு வழி? மூவருமாக இறங்கினார்கள். கடுகடுவென்றுதான் கோச் ஆரம்பித்தாள். ஆனால் வாண்டு இடுப்புக்குக் கீழே புகுந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடியதும் சிரிப்பு வந்துவிட்டது. துரத்திப் பிடித்து, அவளைப் பந்தோடு சேர்த்துத் தூக்கி வளையத்துக்குள் போட வைத்தாள்.

நெட்டை எறிந்த பந்து ஒன்று மதிலைத் தாண்டிப் பின் தெருவில் விழுந்தது.

எடுப்பதற்காகப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பின் கேட் வழியாகப் போன கோச், அப்படியே நின்றுவிட்டாள்.

மர நிழலில் பல் டாக்டரின் கார். உள்ளே சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, ஹாயாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் டாக்டர்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்கீங்க?"

டாக்டர் பதறிப்போய்க் கதவைத் திறந்து இறங்கினார். "அது வந்து... பயிற்சி முடியறதுக்கு முன்னாடியே வந்துட்டேன் மேடம்."

கோச்சுக்குக் கோபம் தலைக்கேறியது.

"நல்லாயிருக்கு சார். ஒரு மாசமா ஏதோ அவசரக் கேஸ்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்தேன். இங்க உட்கார்ந்து பேப்பர் படிச்சிருக்கீங்க. உங்க பொண்ணைப் பார்த்துக்க நான் என்ன ஆயாவா? எனக்கும் வேலை இருக்கு, குழந்தை இருக்கு. அடுத்தவங்க நேரம்னா அவ்வளவு இளப்பமா?"

டாக்டர் வாண்டுவை ஒரு தரம் பார்த்தார். வாண்டு ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் தப்புதான் மேடம். மன்னிச்சுக்கங்க. இனிமே சரியா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, நெட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நெட்டை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

'இவ்வளவு திட்டியும் ஒரு காரணம் சொல்ல வாய் வரலையே, என்ன மனுஷன்' என்று நினைத்தபடி கோச் பெஞ்சுக்குத் திரும்பினாள். லேப்டாப்பைத் திறந்தாள். விட்ட இடத்திலிருந்து விரல்கள் ஓட ஆரம்பித்தன.

பக்கத்தில் விசும்பல் கேட்டது.

"என்னடி, உன்னையா திட்டினேன்?" திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அங்கிளை ஏன்மா திட்டின? நான்தான் அவரை லேட்டா வரச் சொன்னேன்."

விரல்கள் நின்றன. "நீயா? எதுக்கு?"

"அன்னைக்கு ஒரு நாள் அவருக்கு நிஜமாவே லேட்டாயிடுச்சு. ரொம்ப ஜாலியா இருந்தது. அதான், தினமும் லேட்டா வாங்க அங்கிள், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கேட்டேன். அவரும் சரின்னாரு."

"என்ன ஜாலி அதுல?"

வாண்டு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைக் காட்டினாள்.

"எல்லாரும் போயிட்டா நீ இதைத் திறந்துடுவ. வேற வீட்டுப் பிள்ளை ஒண்ணு நின்னாத்தாம்மா நீ என்னோட விளையாடற."