தூக்கிய கை

திரையில் பொற்கொடி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளும் பொற்கொடிதான். அவள் முகத்தையும் குரலையும் வைத்துக் கல்லூரி செய்து வாங்கிய அந்த ஏ.ஐ. ஆசிரியைக்கு இருமல் வராது, கோபம் வராது. சந்தேகத்தை போனில் டைப் செய்தால் உடனே பதில் சொல்லும். பெஞ்சில் இருக்கும் இவளுக்கு வருகைப்பதிவு எடுக்கும் வேலை மட்டும். அதுவும் இந்த செமஸ்டரோடு சரி என்று பேச்சு.

“புரிஞ்சுதா?” என்று கேட்ட திரை, தானே தலையாட்டிக்கொண்டு அடுத்த சூத்திரத்துக்குப் போனது. நடுவரிசையில் ஒரு கை உயர்ந்தது. தஸ்லீமா சோம்பல் முறிக்கிறாள் என்றுதான் பொற்கொடி நினைத்தாள். ஆனால் கை இறங்கவில்லை. அந்தப் பெண் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி இவளையே பார்த்தாள்.

“டைப் பண்ணிக் கேளேம்மா.”

“என்ன கேக்கறதுன்னே தெரியல மேடம். மொத்தமா புரியல.”

எத்தனை நாளாயிற்று இதைக் கேட்டு! அப்பாடா என்றிருந்தது பொற்கொடிக்கு. கைப்பையைத் துழாவி, ஒடிந்த சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் கரும்பலகையை எட்டுவதற்குள் இன்னும் நாலைந்து கைகள் உயர்ந்துவிட்டன. பக்கத்துத் திரையில் அவள் குரல் தன் பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட யாரும் மெனக்கெடவில்லை.