மலைக்குப் போகிறவர்

"மறுபடியும் கசியுதா?"

கேட்கும்போதே எனக்கு அலுத்துப்போனது. வாடிக்கையாளர் நிராசவா சான் தன் மலை சைக்கிளை என் பழுதுக்கடைக்குள் தள்ளிவந்து தலை குனிந்தார். போன மாதம்தான் முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றினேன். இப்போது ஃபோர்க் குழாயில் புதுக் கீறல். அது ரப்பர் சீலை அறுத்ததில் எண்ணெய் வழிந்திருந்தது.

"நீங்க பாறையில கொண்டுபோய் உரசினா நான் எத்தனை சீல்தான் போடுறது? ஒகுதமா மலை எங்கயும் ஓடிடாது. மெதுவா இறங்குங்க."

"மன்னிச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள கிடைக்குமா?"

"ஒரு வாரம் போகாட்டித்தான் என்ன?"

"போயே ஆகணும்."

இந்த மாதிரி மலைப்பைத்தியங்களால்தான் ஞாயிறுகூட நான் கடையை மூடுவதில்லை. முனகியபடி கீறலை உப்புத்தாளால் தேய்த்தேன். அப்போதுதான் டயரைக் கவனித்தேன். ஓரத்தில் புது டயரின் ரப்பர் முடிகள் அப்படியே நின்றன.

"இது பாறை போட்ட கீறல் இல்லையே. ரயில்ல ஏத்தறதுக்குச் சக்கரத்தைக் கழட்டிப் பையில கட்டுறீங்கல்ல, அப்போ பிரேக் டிஸ்க் உரசினது. நீங்க மலையில ஓட்டுறதே இல்லையா?"

அவர் காது சிவந்தது.

"ஸ்டேஷன் வரைக்கும்தான் ஓட்டுவேன். ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா ஆபீஸ் மேனேஜர் கோல்ஃப் ஆடக் கூப்பிடுவாரு. மலைக்குப் போறேன்னா விட்டுடுவாரு. ரயில்ல போகும்போதும் தூங்குவேன், திரும்பி வரும்போதும் தூங்குவேன்."

நான் உப்புத்தாளைக் கீழே வைத்தேன்.

"அந்த ரயில்ல இன்னொரு சைக்கிளுக்கு இடம் இருக்குமா?"