அறுந்த நாடா

"உங்க கோட்டுல மாட்டுற நாடா அறுந்திருக்குங்க ஐயா, கொக்கியில நிக்காது" என்றாள் ஷோல்பான். மாகாண மன்றத்தின் வாசலில், வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுவதுதான் அவள் வேலை.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? தைச்சு வை!" என்று சீறினார் மன்ற உறுப்பினர் கைராட்.

"பதினோரு மணிக்கு நான்..."

"எனக்குத்தான் பதினோரு மணிக்கு வேலை! அமைதிப்படைக்குப் போய் வந்த வீரர்களோட அம்மாக்களுக்கு ஷப்பான் அங்கி போர்த்தி மரியாதை பண்ணணும். அவங்க அருமை உனக்கெங்க தெரியும்? தைச்சு முடிக்காம நகர்ந்தே, நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.

பதினோரு மணி தாண்டி, உள்ளே ஒலிபெருக்கி மூன்றாவது முறையாக ஒரு தாயை அழைத்தது. "மகனுக்கு மரியாதை பண்றோம், வந்து வாங்கிக்கக்கூட அந்தம்மாவுக்கு நேரமில்லையா?" என்று கைராட் மைக்கில் அலுத்துக்கொண்டார்.

மண்டபக் கதவைத் தள்ளிக்கொண்டு, தைத்து முடித்த கோட்டும் கையுமாக ஷோல்பான் நேரே மேடையேறினாள்.

"சார்ஜென்ட் தௌலெத்தோட அம்மா நான்தான். நீங்கதானே நகரக் கூடாதுன்னீங்க?"

முன்வரிசையில் சீருடையிலிருந்த அவள் மகன் எழுந்து நின்றான்.

கைராட் அவசரமாக ஷப்பானை விரித்தார். அவள் தோளைக் கொடுக்கவில்லை. எட்டி, கோட்டை அவர் தோளில் போர்த்தினாள்.

"மரியாதை உங்களுக்குத்தானே வேணும்? போட்டுக்கங்க. நாடா இனி அறாது."