இனி ஒரு வீடும் வேண்டாம்

"இன்னும் நாப்பது வீடா? இந்த ஊரு தாங்குமா தலைவரே?"

மைக்கைப் பிடித்த லொரெய்ன் கொதித்தாள். கொலராடோ மலையடிவாரத்துச் சிற்றூர் அது. புதிதாக வரப்போகும் குடியிருப்பைப் பற்றி ஊர் மன்றத்தில் மக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் தலைவர் டேல்.

"கிணத்துத் தண்ணி பாதாளத்துக்குப் போயிடுச்சு. மான் மேஞ்ச இடத்துல எல்லாம் கார் நிக்குது. ஜனங்க இப்படி வந்துக்கிட்டே இருந்தா மண்ணும் மரமும் எங்கே போகும்?"

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த வாலஸ் விசிலே அடித்தான்.

டேலும் சேர்ந்து கைதட்டினார். ஊர்ப்பற்று என்றால் இதுவல்லவா! திட்டத்தையே தூக்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

"அருமையாச் சொன்னீங்கம்மா. உங்க விலாசத்தைச் சொல்லுங்க, பதிவு பண்ணணும். பேசுறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும், மறந்துட்டேன்."

"இப்போதைக்கு ஓட்டல்ல இருக்கேன்."

"ஓட்டல்லயா?"

"போன வாரம்தான் டெக்ஸாஸ்லேருந்து வந்தேன். நீங்க கட்டப்போறதுல ஒன்பதாம் நம்பர் வீட்டை எனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். அதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு, பத்துலேருந்து நிறுத்திடுங்க."

வாலஸ் துள்ளி எழுந்தான்.

"அநியாயம் தலைவரே! பதினொண்ணு என்னோடது. பன்னெண்டுலேருந்து நிறுத்துங்க!"